எண்ணெய் தொடாத தூரிகை

சாத்தூரில் ஒரு வீட்டில், மருந்துச் சீட்டுகளைப் போட்டு வைக்கும் அலமாரித் தட்டில், ஒரு சின்னப் புகைப்படம் இருந்தது. அஞ்சலட்டை அளவுதான். அதில் இரண்டு பேர். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் ஜெயக்கொடி. பின்னால் நின்று அவள் தோளில் கைவைத்திருந்தவள் அவள் மகள் யுவஸ்ரீ.

இருக்கன்குடித் திருவிழாவுக்குப் போனபோது, துணித் திரை கட்டிய ஒரு கடையில் எடுத்த படம் அது. எடுத்தவர், சிரிக்காமல் நில்லு பாப்பா என்றார். அப்படிச் சொன்னதே அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பாகிவிட்டது. தலை ஆடிவிட்டது. அதனால் தாயின் முகம் கழுவி வைத்த பாத்திரம் போலத் தெளிவாக விழுந்தது. மகளின் முகம் பனி மூடியதுபோல் கலங்கி விழுந்தது. தாயின் தோளைப் பிடித்திருந்த நான்கு விரல்கள் மட்டும் ஆடவில்லை.

வேறு ஒன்று எடுக்கலாம் என்று ஜெயக்கொடி சொன்னாள். இதுவே போதும்மா, என் செல்லில் ஆயிரம் எடுத்துக்கலாம் என்று மகள் சொன்னாள்.

புகைப்படம் அப்போது பயம் அறியாதது. சீட்டுகளுக்கு நடுவே நிம்மதியாகக் கிடந்தது.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் கொசு. யுவஸ்ரீக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள். பத்தொன்பது வயது.

அன்றைக்கு அவளுடைய செல்போனைக் கொண்டுவந்து அதே தட்டில், புகைப்படத்தின் பக்கத்தில் வைத்தார்கள். சார்ஜர் ஒயர் மாட்டியபடியே இருந்தது. ஜெயக்கொடி மணிக்கொரு தரம் வந்து அது அணைந்துவிட்டதா என்று பார்த்தாள்.

புகைப்படம் செல்போனிடம் கேட்டது. "ஒனக்குள்ள அவ இருக்காளா?"

"நானூறு தடவ இருக்கா," என்றது செல்போன். "பல்லு விளக்குறா, பூனையைத் தூக்குறா, அம்மாவத் திட்டுறா. எல்லாம் இருக்கு. ஆனா கதவு பூட்டியிருக்கு. ஒன்பது புள்ளியில அவ விரலால ஒரு கோலம் போடுவா. அதப் போட்டாத்தான் திறப்பேன்."

"வேற யாருக்கும் தெரியாதா?"

"அவ மாமா போட்டுப் போட்டுப் பாத்துட்டாரு. எல்லாம் தப்பு. நான் இன்னும் இறுகிப்போனேன். நான் வேணும்னு செய்யல. என்னைச் செஞ்சது அப்படி."

"அப்ப வெளியில இருக்கது?"

"நீ ஒண்ணுதான்," என்றது செல்போன்.

அந்த நொடியிலிருந்து புகைப்படத்துக்குப் பயம் பிடித்தது. சுவரில் ஊர்ந்த பல்லிக்குப் பயந்தது. கூரையில் கசிந்த ஈரத்துக்குப் பயந்தது. யாராவது எடுத்து, கண்ணீர் விட்டு, நெஞ்சோடு அழுத்தினால் மூலை மடங்குமே என்று அதற்கும் பயந்தது.

பதினாறாம் நாள் நெருங்கியது. கல்யாணம் ஆகாமல் போன பிள்ளை. வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிட வேண்டும். அதற்குப் பெரிய படம் வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். இப்போதெல்லாம் போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டு ஆயில் பெயிண்டிங்காக மாற்றித் துணியில் அச்சடித்துத் தருகிறார்கள், கலங்கின முகம்கூடத் தெளிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். ஜெயக்கொடியின் தம்பி முனியராஜ் புகைப்படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பைக்குள் இருட்டாக இருந்தது. அவன் நெஞ்சு அடித்துக்கொண்டதைப் புகைப்படம் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே போனது.

ஸ்டுடியோக்காரர் பெயர் பரமகுரு. தங்கமான மனிதர். முனியராஜ் படத்தை மேசைமேல் வைத்தான். இவள் என் அக்கா மகள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். மகள் என்ற சொல் தொண்டையிலேயே நின்றுகொண்டது.

"பதினாறுக்கு வேணும் அண்ணாச்சி," என்றான். "ஆயில் பெயிண்டிங் மாதிரி." அதோடு திரும்பி நடந்துவிட்டான்.

பரமகுரு அவனுடைய சவரம் செய்யாத முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சாவு வீட்டிலிருந்து வந்தவரிடம், இறந்தது இதில் யார் என்று அந்தத் தொழிலில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அது வெந்த புண்ணில் கைவைப்பது போல. படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று விட்டுவிடுவார்கள். தெரிந்தும்தான் வந்தது, இத்தனை வருஷமாக.

நான் சொல்கிறேன், என்னைக் கேளுங்கள் என்று புகைப்படம் துடித்தது. காகிதத்தின் குரல் மனிதருக்குக் கேட்காது.

முதலில் அதை ஸ்கேனரில் குப்புறப் படுக்க வைத்தார்கள். கண்ணாடி சில்லென்று இருந்தது. மேலே மூடி விழுந்தது.

"கண்ண மூடிக்க, கூசும்," என்றது ஸ்கேனர். அது யாரையும் நோகச் செய்யாத பெட்டி.

"ஒரு சேதி சொல்லணும்," என்றது புகைப்படம் அவசரமாக. "போனது பின்னால நிக்கிற பிள்ளை. உட்காந்திருக்கது அவ அம்மா. அவ உசிரோட இருக்கா."

"எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். நான் வெளிச்சம் காட்டி அந்தப் பக்கம் அனுப்புறவன். உள்ள தூரிகைன்னு ஒருத்தன் இருக்கான். அவன்கிட்டச் சொல்லு."

"அவன் கேப்பானா?"

"தெரியல. இதுவரைக்கும் யாரும் அவன்கிட்டச் சொன்னதில்ல."

வெளிச்சம் ஒரு முறை போய் ஒரு முறை வந்தது. பரமகுரு புகைப்படத்தை எடுத்து மேசைமேல் நிமிர்த்தி வைத்தார். எதிரே கம்ப்யூட்டர் திரை. அதில் அதன் நிழல் பத்து மடங்கு பெரிதாக எழுந்து நின்றது.

திரைக்குள் தூரிகை காத்திருந்தது. அது பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயைத் தொட்டதில்லை. வர்ணம் காயக் காத்திருந்ததில்லை. ஆனாலும் எண்ணெய் வர்ணம்போல வழவழப்பாகவும், துணி இழைபோலச் சொரசொரப்பாகவும் எதையும் ஆக்கிவிடும். அது செய்த முகங்கள் கடைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாருக்கும் ஒரே கன்னம். எல்லார் நெற்றியிலும் ஒரே மினுமினுப்பு. தூரிகைக்குப் பக்கத்தில் அழிப்பான் இருந்தது. இன்னொரு மூலையில் ஒரு சந்தன மாலையும், ஒரு குத்துவிளக்கும் தயாராக இருந்தன. வருகிற எல்லாருக்கும் அதே மாலை, அதே விளக்கு.

"வா, வா," என்றது தூரிகை. "ஏன் நடுங்குற? இங்க வந்துபோன யாரும் வலிச்சதுன்னு சொன்னதில்ல."

"சொல்லுறதுக்கு வாய வச்சு அனுப்புனியா நீ?" என்றது புகைப்படம்.

மாலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயாடிப் படமா இருக்கே. போன வாரம் ஒரு வாத்தியாரு வந்தாரு, அதுக்கு முந்தி காராச்சேவுக் கடைக்காரம்மா. ரெண்டு பேரும் பேசாம கழுத்தக் குடுத்தாங்க. எனக்கு எல்லாக் கழுத்தும் ஒரே அளவுதான்."

புகைப்படம் தன் பயத்தை அடக்கிக்கொண்டு, ஸ்கேனரிடம் சொன்னதைத் தூரிகையிடமும் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது. நின்றவள் போனாள். இருந்தவள் இருக்கிறாள்.

தூரிகை நம்பவில்லை. "நாப்பத்தஞ்சு வயசுக்காரி ஒருத்தி, பத்தொம்பது வயசுக்காரி ஒருத்தி. இதுல மாலை யாருக்குன்னு எனக்கு நீ சொல்லித் தரணுமா? நான் எத்தனை சாவு பாத்திருக்கேன்."

"நீ சாவப் பாத்ததில்ல. படத்தத்தான் பாத்திருக்க."

தூரிகைக்குச் சுருக்கென்றது. அது பேச்சை மாற்றியது. "சரி, அந்தப் பிள்ளை முகத்த நீயே பாரு. மூக்கு எங்க இருக்கு, கண்ணு எங்க இருக்கு? இப்படிக் கலங்குன முகத்த எந்த வீட்டுலயாவது மாட்டுவாங்களா?"

"அது கலங்கல் இல்ல. சிரிப்பு."

"சிரிப்புன்னா பல்லு தெரியணும்," என்றது தூரிகை. அது அழிப்பானைக் கூப்பிட்டது.

பரமகுருவின் கைதான் மவுஸைப் பிடித்திருந்தது. ஆனால் அன்றைக்கு அவருக்கு இன்னும் மூன்று வீட்டு வேலை பாக்கி. கை அவருடையது, பழக்கம் தூரிகையுடையது.

அழிப்பான் சாதுவானது. அது புகைப்படத்தின் கண்ணைப் பார்க்காமலே சொன்னது. "என்மேல கோவப்படாத. யாரு என்னன்னு கேக்க ஆரம்பிச்சா என்னால வேலை செய்ய முடியாது. இடத்தக் காட்டுனா அழிப்பேன். அவ்வளவுதான்."

முதலில் யுவஸ்ரீயின் தலையில் இருந்த பூ போனது. பிறகு கூந்தல். பிறகு ஒரு காது, அதில் இருந்த தோடு. புகைப்படம் கத்தியது. அவளுக்கு வேறு முகம் இல்லை, நான் ஒன்றுதான் என்று கத்தியது. அழிப்பான் நின்றுவிடவில்லை, வேகம் கூட்டவும் இல்லை. ஒரே சீராகச் சிரிப்புக்கு வந்தது, சிரிப்பையும் எடுத்தது. அவள் நின்ற இடத்தில் தூரிகை மண் நிறத்தை அள்ளி அள்ளிப் பூசியது. சற்று நேரத்தில் அங்கே ஒரு பிள்ளை நின்றதாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அழிப்பான் தாயின் தோளுக்கு வந்ததும் தயங்கியது.

"இது என்னது?" என்று கேட்டது.

ஜெயக்கொடி உடுத்தியிருந்தது பச்சைப் புடவை, அரக்கு நிறத்தில் புட்டா போட்டது. தோளுக்கு மேல் எட்டிப்பார்த்த யுவஸ்ரீயின் விரல்நுனிகளில் இருந்த நகப்பூச்சும் அதே அரக்கு. அம்மாவின் புடவைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தேடி வாங்கிப் பூசியது.

"புட்டா," என்றது தூரிகை. "விடு."

"இந்த ஒரு புட்டா பாதிதான் இருக்கு."

அது அவள் ஆள்காட்டி விரலின் நகம். எப்போதும் கடித்துக்கொண்டே இருப்பாள்.

"நெசவு அப்படி. புடவை வேற, ஆள் வேறன்னு உனக்குத் தெரியாதா? நேரமாகுது, மேல போ."

புகைப்படம் வாயைத் திறந்தது. அது புட்டா இல்லை என்று சொல்ல வந்தது. அப்போது அதற்கு முன்னைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. சொன்னால் அதையும் அழித்துவிடுவார்களே.

அது வாயை மூடிக்கொண்டது. அதன் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை.

அழிப்பான் நான்கு விரல்களை விட்டுவிட்டு நகர்ந்தது. தூரிகை தாயின் முகத்துக்குப் போனது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்தது. நெற்றிக் கோடுகளைத் துடைத்தது. சுவரில் இருந்த எல்லாருக்கும் கொடுத்த கன்னத்தை அவளுக்கும் கொடுத்தது. மாலை வந்து கழுத்தில் உட்கார்ந்தது. கால்மாட்டில் விளக்கு எரிந்தது.

"எப்படி?" என்று தூரிகை கேட்டது. பரமகுரு அதை உறையில் போட்டு மேசை ஓரத்தில் வைத்தார்.

பதினைந்தாம் நாள் பிற்பகல், பெரிய படம் சட்டம் போட்டு வந்தது. வாசலுக்கு நேர் எதிரே மாட்டிவிட்டுப் பரமகுரு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முனியராஜ் வந்தான். பின்னாலேயே, நானும் முதலில் பார்க்கிறேன் என்று பிடிவாதமாகக் கிளம்பி வந்த ஜெயக்கொடி வந்தாள். கையில் மகளின் செல்போன்.

பரமகுரு நிமிர்ந்தார். சுவரில் மாலையோடு இருந்தவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

டீ அவர் வேட்டியில் கொட்டியது. சூடு அவருக்கு உறைக்கவில்லை. எழுந்து பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் மாலை போட்ட யாரும் கடைக்குத் திரும்பி வந்ததில்லை.

முனியராஜ் படத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். என்ன அண்ணாச்சி இது என்று கேட்டான். யார் என்று நீங்கள் சொல்லவே இல்லையே தம்பி என்று பரமகுரு சொன்னார். அது உண்மைதான். முனியராஜ் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜெயக்கொடி அழவில்லை. படத்தில் இருந்த மாலையைப் பார்த்துவிட்டுத் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மண் நிறத்தையே பார்த்தாள்.

"பிள்ளை எங்க?" என்றாள்.

ஒரு மணி நேரம் பொறுங்கள் தாயி, இப்போதே சரிசெய்து தருகிறேன் என்று பரமகுரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். உறையிலிருந்து புகைப்படத்தை எடுத்தார். திரைக்கு எதிரே உயிரோடு நின்ற ஜெயக்கொடியைத் தூரிகை பார்த்தது. அதற்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தக் காகிதம் கத்தியதெல்லாம் இப்போது ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது.

யுவஸ்ரீயின் நிழல் மறுபடி திரையில் எழுந்தது. இந்த முறை தூரிகை மெதுவாகப் போனது. ஆனால் கலங்கிய முகத்தில் அதற்குக் கண் கிடைக்கவில்லை, மூக்கு கிடைக்கவில்லை. சிரிப்பை எப்படித் தீட்டுவது என்று அதற்குத் தெரியவும் இல்லை. வேறு வழியில்லாமல், தன்னிடம் சேர்த்து வைத்திருந்த கண்களில் இரண்டை எடுத்து வைத்தது. ஒரு மூக்கை எடுத்து வைத்தது. மூடிய உதடுகளை வைத்தது. கன்னத்தை மினுக்கியது.

திரையில் ஒரு பெண் நின்றாள். சிவப்பாக, லட்சணமாக இருந்தாள்.

ஜெயக்கொடி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "யாரு இது?"

தூரிகை தன் வாழ்நாளில் முதல் முறையாகக் மேசைமேல் கிடந்த புகைப்படத்திடம் கேட்டது. "இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"ஒண்ணும் செய்யாத," என்றது புகைப்படம். "இனி ஒண்ணும் செய்யாத. அவளப் பாக்க விடு."

ஜெயக்கொடி திரும்பிச் சுவரில் இருந்த படத்திடம் போயிருந்தாள். மகள் நின்ற இடத்தில் எங்கேயாவது ஒரு முடியாவது மிஞ்சியிருக்காதா என்று தேடினாள். எல்லாம் மண். கண் கீழே இறங்கித் தன் தோளுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

அவள் கிட்டப் போய்த் தன் விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. திரும்ப முதல் விரலுக்கு வந்தாள். நகம் பாதிதான் இருந்தது.

"நகத்தக் கடிக்காதடி, கடிக்காதடின்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்," என்றாள்.

அப்போதுதான் அழுதாள்.

அழுது முடித்ததும் அந்தப் படத்தைக் கழற்றித் தரச் சொன்னாள். முனியராஜ் பதறிப்போனான்.

"அக்கா, உசிரோட இருக்கவுக படத்துக்கு மாலை போட்டு வீட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாது. ஒனக்குப் பயமா இல்லையா?"

"இனி எதுக்குடா பயப்பட?"

மாலையையாவது எடுத்துத் தருகிறேன் என்று பரமகுரு கெஞ்சினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அது எனக்குத்தான் வந்திருக்கணும். அதுதான வரிசை. இந்தப் படத்துலயாச்சும் வரிசை மாறாம இருக்கட்டும்."

மறுநாள் பதினாறு. வந்தவர்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே மாலை போட்ட படத்தில் ஜெயக்கொடி. அதற்குக் கீழே விளக்கு ஏற்றிக்கொண்டு ஜெயக்கொடி. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவி உள்ளே வராமலே திரும்பிப் போனாள். படத்துக்குப் பொட்டு வைக்கும் நேரம் வந்தபோது, ஜெயக்கொடி சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்தாள். நெற்றியில் வைக்கவில்லை. தோளில் வைத்தாள், ஒவ்வொரு விரலுக்கும் ஒன்றாக, நான்கு.

சின்னப் புகைப்படத்தைச் செல்போனின் உறைக்குள், முதுகுப் பக்கம் செருகி வைத்தாள். கதவு திறக்காத நானூறு சிரிப்புகளும் கலங்கிய ஒரு சிரிப்பும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு கிடந்தன.

தூரிகை இன்னும் அதே கடையில்தான் வேலை செய்கிறது. சுவரில் படங்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஆனால் இப்போதெல்லாம் எந்தப் படம் வந்தாலும் அது முதலில் முகத்துக்குப் போவதில்லை. தோளுக்குப் போகிறது. அங்கே யாருடைய விரலாவது இருந்துவிடுமோ என்று ஒவ்வொரு இழையாகத் தேடுகிறது. அப்போது அது நடுங்கும் நடுக்கம் தனக்கும் ஏறிவிடுகிறது என்று அழிப்பான் சொல்கிறது.